வீட்டுக்குள் எடுத்த கணக்கு

1989 ஜனவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. களம், மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில் காடு சூழ்ந்த கட்சிரோலி மாவட்டத்தின் இரண்டு ஊர்கள்: வாசா, அமிர்ஜா. 13 வயதும் அதற்கு மேலும் ஆன 650 பெண்களைப் பரிசோதித்ததில் 92 சதவீதத்தினருக்கு மகளிர் நோய் ஏதாவது ஒன்றாவது இருந்தது. சராசரியாகப் பார்த்தால் ஒரு பெண்ணுக்கு 3.6 நோய். இவர்களில் அதற்குமுன் மகளிர் மருத்துவப் பரிசோதனை கண்டவர்கள் வெறும் 8 சதவீதம். வாய்விட்டுக் குறை சொன்னவர்கள் 55 சதவீதம்; மற்றவர்கள் தமக்கு ஒன்றுமில்லை என்றே சொன்னார்கள்.

கட்டுரையின் முதல் ஆசிரியர் ராணி பங். கணவர் அபய் பங்குடன் சேர்ந்து கட்சிரோலியில் குடியேறி அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தக் காலத்தில் கிராமத்துப் பெண்ணின் கருப்பை அரசாங்கத்தின் கண்ணுக்கு இரண்டே சந்தர்ப்பங்களில் தெரிந்தது: அவள் கருவுற்றிருக்கும்போது, அல்லது குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு அவளைக் கூட்டிவரவேண்டிய இலக்கு மீதமிருக்கும்போது. நடுவில் கிடக்கும் முப்பது நாற்பது ஆண்டுகளில் அவளுக்கு என்ன நேர்கிறது என்று கேட்கும் பதிவேடே கிடையாது. வெள்ளைப்படுதல், மாதவிடாய்க் கோளாறு, அடிவயிற்று வலி, அடி இறக்கம் எல்லாம் பெண்ணாய்ப் பிறந்தால் பொறுத்துக்கொள்ளவேண்டியவை என்ற கணக்கில் கழிந்தன. மருத்துவமனைப் பதிவேட்டில் இந்த நோய்கள் இல்லை. ஆகவே நாட்டிலும் இல்லை.

இந்த ‘ஆகவே’யை உடைத்ததுதான் ராணி பங்கின் வாழ்நாள் வேலை என்று நினைக்கிறேன். தாய்–சேய் நலத்தில் சமநீதி என்று பேசும்போது நாம் உடனே ஆஸ்பத்திரிக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மருத்துவர்கள் என்று போய்விடுகிறோம். அவையும் முக்கியம்தான். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: கணக்கை எங்கே உட்கார்ந்து எடுப்பது? ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எடுத்தால் வந்தவர்கள் மட்டும் கணக்கில் வருவார்கள். வராதவர்கள்தான் பெரும்பான்மை என்னும் ஊரில் அந்தக் கணக்கு நோயைக் காட்டாது, யாருக்கு வண்டி கிடைத்தது என்பதைக் காட்டும்.

92 என்ற எண்ணை அப்படியே நாடு முழுவதற்கும் பொருத்தக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது இரண்டே ஊர்களின் எண். இலேசான தொற்று முதல் கடுமையான கோளாறு வரை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்ட எண். பிறகு இந்தியாவின் வேறு பகுதிகளில் நடந்த ஆய்வுகள் பலவற்றில் இதைவிடக் குறைவாகவே வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் 16 முதல் 22 வயதுவரையிலான மணமான பெண்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், 53 சதவீதத்தினர் அறிகுறிகளைச் சொன்னார்கள். பரிசோதனையில் தொற்று உறுதியானவர்கள் 38 சதவீதம். எண் இறங்கிவிட்டது, சரி. ஆனால் அறிகுறி இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்த வைத்தியமும் பார்த்துக்கொள்ளவில்லை. பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவர் இல்லை, மறைவு இல்லை, தூரம், செலவு, ‘இது எல்லாருக்கும் இருப்பதுதானே’: அவர்கள் சொன்ன காரணங்கள் இவை. எண்ணில் வேறுபட்ட வேலூரும் கட்சிரோலியும் மௌனத்தில் ஒன்றாகவே இருந்தன.

ராணி சந்திரபூரில் பிறந்தவர். நாக்பூர் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்து மகப்பேறு, மகளிர் நோய்த் துறையில் மேற்பட்டம் பெற்றார். உடன் படித்த அபய், சேவாகிராமத்தில் காந்தியச் சூழலில் வளர்ந்தவர். இருவரும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்து 1984இல் திரும்பினார்கள். சந்திரபூரிலிருந்து பிரிந்து 1982இல்தான் தனி மாவட்டமான கட்சிரோலியைத் தேர்ந்தெடுத்து, பீடி இலை வைக்கும் கிடங்கு ஒன்றில் ‘செர்ச்’ என்ற தங்கள் நிறுவனத்தின் வேலையைத் தொடங்கினார்கள். சமுதாய நலவாழ்வுக்கான கல்வி, செயல், ஆய்வு என்பது அந்தப் பெயரின் விரிவு.

முதல் ஆய்வு எடுபடவில்லை. பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் சோகை பரவலாக இருப்பதைக் கண்டறிந்து சொன்னார்கள். அறிவியலுக்கு அது நல்ல செய்தி. ஊரார் அசையவில்லை; அது அவர்கள் கேட்ட கேள்வியே அல்ல. மக்களை வைத்து ஆய்வு செய்வது ஒன்று, மக்களுக்காக ஆய்வு செய்வது வேறு என்ற பாடத்தை அங்கேதான் கற்றதாக இருவரும் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அடுத்து என்ன ஆய்வு செய்வது என்பதை ராணி தன்னிடம் வந்த பெண்களின் பேச்சிலிருந்தே எடுத்தார். ஊர் மருத்துவச்சிகளோடு உட்கார்ந்து, உடலின் உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் அவர்கள் வைத்திருந்த பெயர்களைத் தெரிந்துகொண்டார். 1989 கட்டுரை அந்தப் பேச்சில் முளைத்தது.

மருத்துவமனை கட்டும்போதும் ஊரைத்தான் கேட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏன் போவதில்லை என்று கேட்டதற்குக் கோண்டுப் பழங்குடி மக்கள் சொன்ன பதில்களில் இரண்டு: டாக்டரும் நர்சும் வெள்ளை உடுத்தியிருக்கிறார்கள், நாங்கள் பிணத்துக்குத்தான் வெள்ளை சுற்றுவோம், இன்னொன்று, நோயாளியை உள்ளே வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களை வெளியே துரத்துகிறார்கள். ஆகவே கட்சிரோலி நகருக்குச் சில கல் தள்ளி உருவான ‘சோத்கிராம்’ வளாகத்தில் மருத்துவமனை ஒரு கோண்டுக் கிராமத்தின் சாயலில் எழுந்தது. நோயாளியோடு குடும்பமும் தங்கக் குடில்கள் போட்டார்கள். பெயர், அவர்களுடைய தெய்வத்தின் பெயர்: மா தந்தேஸ்வரி தவாக்கானா. இதை வெறும் அலங்காரம் என்று நகரத்து மருத்துவர்கள் சிலர் நினைக்கக்கூடும். வராதவர்கள் வருவதற்கான ஏற்பாடு என்று எடுத்துக்கொண்டால் அதுவும் மருத்துவத்தில் சேர்த்திதான்.

1989 கட்டுரையின் எதிரொலி உலக அளவில் பெரிது. 1994இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை, வளர்ச்சி பற்றிய ஐ.நா. மாநாடு, பிறப்பைக் குறைப்பதிலிருந்து பெண்ணின் இனப்பெருக்க நலம் என்ற இடத்துக்கு நகர்ந்தபோது, அந்த நகர்வுக்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்பட்ட ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவ்வளவு புகழ் பெறாத இன்னொரு ஆய்வு. 1995–96இல் நடந்தது, 2004இல்தான் அச்சேறியது. கட்சிரோலியின் 39 கிராமங்களில் ஓராண்டில் பிள்ளை பெற்ற 772 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அன்று அங்கே பிரசவம் என்றால் பெரும்பாலும் வீட்டில்தான். ஐந்து முதல் பத்து வகுப்பு படித்த உள்ளூர்ப் பெண்கள், ‘ஆரோக்கியதூத்’ என்று அழைக்கப்பட்டவர்கள், நிறைமாதத்துக்கு முன்பே கர்ப்பிணியைப் பார்த்துப் பதிந்துகொண்டார்கள். வலி எடுத்ததும் போய் மருத்துவச்சியின் பக்கத்தில் இருந்தார்கள். அதன்பின் 28ஆம் நாள் வரை திரும்பத் திரும்ப வீட்டுக்குப் போனார்கள். கண்டதையும் கேட்டதையும் எழுதுவதே அவர்கள் வேலை. எது நோய் என்பதை முன்கூட்டி வகுத்த வரையறைப்படி பிறகு தீர்மானித்தார்கள்.

முடிவு: 52.6 சதவீதத் தாய்மாருக்கு ஏதோ ஒரு நலக்கேடு. பாதிக்கும் மேல். இதில் பிரசவ நேரத்துச் சிக்கல் 17.7 சதவீதத்தினருக்கு, பிள்ளை பிறந்த பிறகு வந்தது 42.9 சதவீதத்தினருக்கு. (இரண்டும் வந்தவர்கள் உண்டு என்பதால் கூட்டினால் மிகும்.) பிரசவ நேரத்தில் நீண்ட வலி, பனிக்குடம் உடைந்து வெகுநேரமாகியும் பிள்ளை பிறக்காமை, பிள்ளை மாறிக் கிடப்பது, உடனடி உதிரப்போக்கு. பிறகோ, பால் கட்டி மார்பு வீங்குவது முதலான மார்புத் தொல்லைகள் 18.4 சதவீதம், நாட்கள் கழித்து வரும் உதிரப்போக்கு 15.2, பிறப்புறுப்புத் தொற்று 10.2, தூக்கமின்மை 7.4.

தாய் நலம் என்றால் பிரசவ அறையின் விளக்குக்குக் கீழே நடப்பது என்றுதான் கொள்கை வகுப்பவர்கள் நினைக்கிறார்கள். மரணத்தை மட்டும் எண்ணினால் அப்படித் தோன்றுவது இயல்பு. உதிரப்போக்கும் வலிப்பும் அந்தச் சில மணி நேரங்களில்தான் உயிரைக் கொண்டுபோகின்றன. நோயை எண்ணினால் படம் மாறிவிடுகிறது. பாரத்தின் பெரும்பகுதி, மருத்துவச்சி கைகழுவிவிட்டுப் போன பிறகு, பச்சை உடம்போடு அவள் தனியாகக் கிடக்கும் வாரங்களில் விழுகிறது. அந்த நாட்களை யாரும் பார்ப்பதில்லை. நம் ஊரிலும் பெற்றவளைக் கவனிப்பது என்றால் பத்தியச் சோறும் காயமருந்தும் எண்ணெய்க் குளியலும்தான். காய்ச்சல் வந்தால் ‘பால் காய்ச்சல்’ என்று மூன்று நாள் தள்ளிப்போடுவது எத்தனை வீடுகளில் நடக்கிறது.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. இதை வீட்டுவழிப் பராமரிப்பின் ஆதரவாளர்கள் சிலர் மெல்ல விழுங்கிவிடுகிறார்கள். 15.3 சதவீதத் தாய்மாருக்கு அவசர மகப்பேறு மருத்துவம் தேவைப்பட்டது. ஏறக்குறைய ஏழில் ஒருவர். ரத்தம் ஏற்றவும் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கவும் எந்த ஆரோக்கியதூத்தாலும் ஆகாது. ஆகவே ராணி பங்கின் கணக்கை ‘ஆஸ்பத்திரி வேண்டாம், வீடே போதும்’ என்று படிப்பவர்கள் பாதிப் பக்கத்தைத்தான் படிக்கிறார்கள். ஏழில் ஒருத்தியை விரைவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். மற்றவர்களை வீட்டிலேயே போய்ப் பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே அட்டவணையிலிருந்து வருகிற முடிவுகள்.

பிறந்த குழந்தைகளின் கதை இதோடு பின்னியது. அதே 39 ஊர்களில் முதலாண்டு கவனித்ததில், பச்சிளங் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவை மருத்துவம் தேவைப்படும் நிலையில் இருந்தன. மருத்துவர் பார்த்தவை நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. பிறகு ஆரோக்கியதூத்களுக்குப் படிப்படியாகப் பயிற்சி தந்தார்கள்: மூச்சுவிடாத குழந்தையை மூச்சுவிட வைப்பது, எடை குறைந்ததைத் துணிப்பையில் பொதிந்து சூடு காப்பது, தாய்ப்பால் தரத் துணைநிற்பது. இதற்கெல்லாம் யாரும் ஆட்சேபிக்கவில்லை. சர்ச்சை எழுந்தது ஊசியில். ரத்தத்தில் தொற்று பரவிய குழந்தைக்கு அந்தப் பெண்கள் வீட்டிலேயே ஜென்டமைசின் ஊசி போட்டார்கள்.

எட்டாவது படித்த ஒரு கிராமத்துப் பெண் பிறந்து பத்து நாளான குழந்தைக்கு நுண்ணுயிர்க் கொல்லி ஊசி போடுவதா? மருத்துவ உலகம் பதறியதில் நியாயம் இருந்தது. அளவு தவறினால் சிறுநீரகமும் செவியும் கெடும் மருந்து அது. ஆனால் எதிர்த்தட்டில் இருந்தது என்ன? தேர்ந்த மருத்துவர் அல்ல, யாருமே இல்லாமை. 1999இல் ‘லான்செட்’டில் வெளியான முடிவுகள் விவாதத்தின் போக்கை மாற்றின. சிகிச்சை தொடங்குமுன் இத்தொற்று கண்ட குழந்தைகளில் 16.6 சதவீதம் இறந்தன. தொடங்கிய பின் 2.8 சதவீதம். அந்த 39 ஊர்களில் ஆயிரம் பிறப்புக்கு 62 என்றிருந்த பச்சிளங் குழந்தை இறப்பு, மூன்றாம் ஆண்டில் 25.5 ஆனது. ஒப்பீட்டுக்கு வைத்திருந்த 47 ஊர்களோடு பார்த்தால் 62.2 சதவீதக் குறைவு. ஒரு குழந்தைக்கான செலவு 5.3 அமெரிக்க டாலர்.

இதற்கு முன்பே, எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிகளும் நிமோனியாவைக் கண்டுபிடிப்பதற்காக ராணியும் அபயும் ஒரு கருவி செய்திருந்தார்கள். மரச்சட்டத்தில் மணிகளும், ஒரு நிமிடம் ஓடும் மணல் கடிகையும். பத்து மூச்சுக்கு ஒரு மணி தள்ளவேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணி நகர்ந்தால் மருந்து தொடங்கலாம். அறுபதுவரை எண்ணத் தெரியாதவரும் அறுபதை எண்ணிவிடலாம். கல்வியில்லாதவருக்கு எளிதாக்கித் தருகிறோம் என்ற இரக்கம் இதில் இல்லை. எந்த அறிவு இன்றியமையாதது, எது பழக்கத்தால் ஒட்டிக்கொண்டது என்று பிரித்துப் பார்க்கும் கறாரான புத்தி இருக்கிறது.

2011இல் இந்திய அரசு, வீட்டுக்கே போய்ப் பச்சிளங் குழந்தையைக் கவனிக்கும் இந்த முறையை ஆஷா என்னும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வழியாக நாடெங்கும் கொண்டுசென்றது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 42 நாட்களுக்குள் ஆறு முறை, வீட்டில் பிறந்ததை ஏழு முறை போய்ப் பார்க்கவேண்டும். எல்லா வருகைகளும் முடிந்தால் ஆஷாவுக்கு 250 ரூபாய். ஒரு தொண்டு நிறுவனத்தின் 39 ஊர்களில் கண்டது லட்சக்கணக்கான பணியாளர்களின் கடமையானது பெரிய காரியம். ஆனால் பெரிதாகும்போது சில உதிர்ந்துபோயின. ஊசி உதிர்ந்தது: 2014இல் அதற்கு ஓரளவு இடம் கிடைத்தபோதும் அது ஆஷாவின் கைக்கு வரவில்லை, ஏ.என்.எம். செவிலியருக்கே அனுமதி. மாதச் சம்பளம் இல்லாத, செய்த வேலைக்கு ஊக்கத்தொகை வாங்கும் ஆஷாவிடம் கட்சிரோலியின் நெருக்கமான மேற்பார்வையை எதிர்பார்க்கவும் முடியாது.

தாயும் பாதி உதிர்ந்துவிட்டாள். ஆஷா நிரப்பும் படிவத்தில் தாய்க்கும் கேள்விகள் உண்டு, மறுக்கவில்லை. இருந்தாலும் திட்டத்தின் பெயர், இலக்கு, வெற்றியை அளக்கும் கோல் எல்லாம் குழந்தையைச் சுற்றியே. குழந்தையை எடைபோடப் போன வீட்டில் தாய்க்குக் காய்ச்சலா என்று கேட்பதும், தாயைப் பார்க்கவென்றே போவதும் ஒன்றல்ல.

இதே காலத்தில் அரசு வைத்த பெரிய பந்தயம் மருத்துவமனைப் பிரசவம். 2005இல் வந்த ஜனனி சுரக்ஷா திட்டம் ஆஸ்பத்திரியில் பெற்றவளுக்குப் பணம் தந்தது. வீட்டுப் பிரசவம் வேகமாகக் குறைந்தது. மருத்துவச்சிகள் அமைப்பிலிருந்து சத்தமில்லாமல் நீங்கினார்கள். லட்சம் பிறப்புக்குத் தாய் இறப்பு 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி நாட்டளவில் 97, மகாராஷ்டிரத்தில் 33, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19, அசாமில் 195. இறக்கம் உண்மை; அசாமுக்கும் கேரளத்துக்கும் நடுவே பத்து மடங்கு இடைவெளி என்பதும் உண்மை. அந்தத் திட்டத்தை மதிப்பிட்டு 2010இல் ‘லான்செட்’டில் வந்த ஆய்வு, மிக ஏழைகளுக்கும் படிப்பு மிகக் குறைந்தவர்களுக்கும் அந்தப் பணம் கிடைக்கும் வாய்ப்பு எல்லா இடங்களிலும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்துவிடவில்லை என்றது. தேவை அதிகமுள்ளவரைத் தேடிப்போகாமல், வந்தவருக்குக் கொடுக்கும் எந்தத் திட்டத்துக்கும் இதுதான் நேரும்.

தேடிப்போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடிப் பகுதிகளில் ‘ஏக்ஜுட்’ அமைப்பு நடத்திய சோதனை நல்ல சாட்சி. ஊசியில்லை, மருந்தில்லை. பெண்கள் மாதம் ஒருமுறை கூடி, படங்களையும் கதைகளையும் வைத்துப் பேறுகாலச் சிக்கல்களைப் பேசி, தங்கள் ஊருக்கு எது முடியுமோ அதைத் தாங்களே தீர்மானித்தார்கள். 2010இல் வெளியான முடிவில் பச்சிளங் குழந்தை இறப்பு மூன்றாண்டுகளில் 32 சதவீதம் குறைந்திருந்தது. தாய்மாரின் மிதமான மனச்சோர்வு மூன்றாம் ஆண்டில் 57 சதவீதம் குறைந்தது. கட்சிரோலிப் பெண்களின் ‘தூக்கமின்மை’ என்ற வரியில் ஒளிந்திருந்ததன் ஒரு பகுதி இதுவாகவும் இருக்கலாம். பிறகு தரவை வகைபிரித்துப் பார்த்தபோது, இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் மிகவும் விளிம்பில் இருந்த குடும்பங்களில் பச்சிளங் குழந்தை இறப்பு 59 சதவீதம் குறைந்ததும், மற்றவர்களிடம் 36 சதவீதமே குறைந்ததும் தெரிந்தது. நலத்திட்டத்தின் பயன் முதலில் வசதி உள்ளவரிடம் போய்ச் சேர்வதுதான் வழக்கம். இங்கே அது தலைகீழானது.

ராணி, அபய் இருவருக்கும் 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்குள் கட்சிரோலியின் பெரும்பாலான பிரசவங்களும் மருத்துவமனைக்குப் போய்விட்டன. அப்படியானால் 1995ஆம் ஆண்டின் அந்த அட்டவணைக்கு வயதாகிவிட்டதா என்று கேட்கலாம். பிரசவ நேரத்துப் பகுதிக்கு ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பிள்ளை எங்கே பிறந்தாலும் தாய் இரண்டு மூன்று நாளில், அறுவை என்றால் ஒரு வாரத்தில், வீட்டுக்குத்தான் வருகிறாள். 42.9 சதவீதம் என்று அன்று கண்டது அந்த வீட்டு நாட்களில் நடந்தது. இன்று அது எவ்வளவாக இருக்கும்? தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, மாநிலங்களை ஒப்பிடுவதற்காக அச்சிடும் சுருக்க அட்டையில் பேறுகாலத்துக்குப் பிந்தைய தாய்க்கென்று கொடுக்கும் முக்கிய எண் 78. பிரசவமான இரண்டு நாளுக்குள் சுகாதாரப் பணியாளர் ஒருவர் பார்த்துவிட்ட தாய்மாரின் சதவீதம் அது. மூன்றாம் நாளிலிருந்து அவளுக்கு என்ன ஆனது என்பதற்கு அந்த அட்டையில் வரி இல்லை.